தோட்டத்திற்கும் ஒரு நினைவுக்கல்

ரஹாங்கில் வாழும் மாணவர் ஒருவர் வரலாற்று இடங்களைக் காண விரும்பினால் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிரம்பான் நகரம் அருகிலேயே இருக்கிறது. அங்கு ஏரிப் பூங்கா உண்டு. மாநில அருங்காட்சியகமும் உண்டு. சற்றுத் தள்ளிச் சென்றால் நெகிரி செம்பிலானின் பழம்பெருமையைச் சொல்லும் இடங்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும்.

ஸ்ரீ மெனாந்தியில் உள்ள பழைய அரண்மனை 1908ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. 99 தூண்கள் தாங்கும் அந்த மர மாளிகை, ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் பொருத்திக் கட்டப்பட்டது. போர்ட்டிக்சனுக்கு அருகே, லுக்குட்டில், ஈய வணிகத்தைக் காக்க 1847ஆம் ஆண்டில் ராஜா ஜுமாஅட் எழுப்பிய கோட்டையின் எச்சங்கள் குன்றின்மேல் உள்ளன. பெங்காலான் கெம்பாஸில் பழங்காலக் கற்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அங்குள்ள கல்வெட்டு 1467ஆம் ஆண்டில் மறைந்த ஷேக் அகமது மஜ்னூனின் பெயரைச் சொல்கிறது. 550 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயர் அழியவில்லை. அது கல்மேல் எழுத்தாக நின்றதே அதற்குக் காரணம்.

இவை யாவும் அவசியம் காண வேண்டிய இடங்களே. எனினும், இந்தப் பட்டியலில் ஒரு குறை இருக்கிறது. இம்மாநிலத்தின் பொருளாதாரத்தை நெடுங்காலம் தாங்கிய இரப்பர்த் தோட்டங்களுக்கு அதில் இடமில்லை. ரந்தாவ், சிலியாவ், லாபு, போர்ட்டிக்சன் வட்டாரங்களில் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். தொழிலாளர்கள் வாளியும் உளியுமாகக் கித்தாக் காட்டுக்குள் நுழைவார்கள். குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் உறங்குவார்கள். லயன் வீடு, கோயில், பள்ளி, கள்ளுக்கடை என அது தனி உலகமாக இருந்தது. பிற்காலத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. இன்று அவ்வழியே செல்பவருக்கு இங்கே ஒரு தோட்டம் இருந்தது என்று சொல்லப் பெரும்பாலும் ஒரு பலகைகூட இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால் இக்குறை இன்னும் தெளிவாகும். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த 9 இரப்பர்க் கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே அறிவிப்புப் பலகையுடன் பேணப்படுகிறது. மரத்தைப் போற்றியது சரியே. ஆனால், அம்மரத்தின் வழிவந்த இலட்சக்கணக்கான மரங்களைச் சீவிய கைகளுக்கும் அதே மதிப்பு கிடைத்திருக்க வேண்டும்.

இதைவிட வேதனையானது சயாம் மரண இரயில் பாதையின் வரலாறு. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோயாலும் பசியாலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 100,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகக் கற்கள் உள்ளன. பெயர் பொறித்த அக்கற்களின் முன் உறவினர்கள் மலர் வைக்கிறார்கள். தோட்டத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகளோ மலர் வைக்க இடம் தெரியாமலேயே முதுமை அடைந்தார்கள்.

இறந்தவரின் பெயரைக் கல்லில் பொறிப்பது தமிழர்க்குப் புதியதன்று. தேனி மாவட்டத்தின் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழி எழுத்துகள் உள்ளன. அத்தகைய மரபுடைய இனத்தின் உழைப்பாளர்கள் இம்மண்ணில் அடையாளமின்றி மறைவது முறையாகாது.

தோட்ட வாழ்க்கை வறுமையின் வாழ்க்கை. அதை ஏன் நினைவுபடுத்த வேண்டும் எனச் சிலர் வினவலாம். வறுமை இழிவன்று. எந்த இடத்திலிருந்து ஏறி வந்தோம் என்பதை அறிந்த தலைமுறையே ஏறிய உயரத்தின் அருமையை உணரும். கல் நடும் பணத்தைக் கல்விக்குச் செலவிடலாமே என்று வேறு சிலர் கேட்கலாம். சிறு பலகைக்கு ஆகும் செலவு பெரிதன்று. மேலும், அந்தப் பலகையைப் படிப்பதும் கல்விதான்.

நல்வாய்ப்பாக, சில அடையாளங்கள் இன்னும் எஞ்சியுள்ளன. லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுவா பெத்தோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, லாபு தோட்டத் தமிழ்ப்பள்ளி எனப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளே தோட்டங்களின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அந்தப் பெயர்களுக்குப் பின்னுள்ள கதைகளைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். எனவே, தாமதிக்க நேரமில்லை.

இப்பணியை மாணவர்களே தொடங்கலாம். வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியிடம் தோட்டத்தின் பெயரையும் கோயில் இருந்த இடத்தையும் கேட்டு எழுதலாம். பழைய நிழற்படங்களைத் திரட்டலாம். தமிழ்மொழிக் கழகமும் வரலாற்றுக் கழகமும் இவற்றைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம்; நினைவுப் பலகை அமைக்குமாறு சிரம்பான் மாநகர் மன்றத்திற்கு மடல் எழுதலாம். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபுடைமைப் பட்டியலுக்கு எவரும் முன்மொழியலாம். அந்த உரிமை ரஹாங் மாணவருக்கும் உண்டு.

அரண்மனையும் கோட்டையும் ஆண்டவர்களின் கதையைச் சொல்கின்றன. உழைத்தவர்களின் கதையும் அவற்றோடு சேர்ந்தால்தான் மாநிலத்தின் வரலாறு முழுமை பெறும். அடுத்த விடுமுறையில் ஸ்ரீ மெனாந்திக்குச் செல்லும் மாணவர், திரும்பும் வழியில் தம் தாத்தா பால்மரம் சீவிய தோட்டம் இருந்த இடத்திலும் சற்று நின்று பார்க்கட்டும். அங்கே கல் இல்லையெனில், அதை நடும் பொறுப்பு அவருடைய தலைமுறைக்கு உரியது.