பாலும் பாலினமும் தனித்தனியே

இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிறப்பில் பதிவான பாலும் இன்று தாம் உணரும் பாலினமும் ஒன்றுதானா எனப் பதினாறு வயது நிரம்பியோரை வினவியது. ஏறத்தாழ 2,62,000 பேர் ‘இல்லை’ என்றனர். விகிதத்தில் இலண்டனின் நியூகமும் பிரெண்டும் முன்னின்றன. பால்மாறியோர் வாழிடமாகப் பேர்பெற்ற பிரைட்டனோ அவற்றுக்குப் பின்தங்கியது. ஐயம் எழுந்தது. ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தோர் வினாவைப் பிறழ உணர்ந்திருக்கக்கூடும் என ஆய்ந்தோர் காட்டினர். 2024 செப்டம்பரில் அப்புள்ளிவிவரம் தன் ஏற்புத் தகுதியை இழந்தது.

கணக்கின் இயல்பே இதற்குக் காரணம். இருநூற்றில் ஒருவரே உள்ள பிரிவை எண்ணும்போது, ஏனையோருள் இருநூற்றில் ஒருவர் தவறாகக் குறித்தாலே தொகை இரட்டிக்கும். பெரும்பிரிவின் சிறுபிழை, சிறுபிரிவை விழுங்கிவிடும்.

ஆதலின் வினாவே வேண்டா என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. இரு செய்திகளை ஒரே வாக்கியத்தில் பிணைத்ததே பிழை. அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் 2022இல் பரிந்துரைத்த முறை நேரியது: பிறப்பில் பதிவான பாலை ஒரு வினாவிலும் இன்றைய பாலினத்தை மற்றொரு வினாவிலும் கேட்பது. விடைகள் வேறுபடின், குறித்தது சரிதானா என உறுதிசெய்துகொள்ளவும் வழியுண்டு.

இஃது ஏட்டுப் பூசல் அன்று. உறக்க மருந்தாகிய சோல்பிடெம் அமெரிக்காவில் இசைவு பெற்ற ஆண்டு 1992. பெண்ணுடலினின்று அது மெதுவாகவே அகலும் எனக் கண்டு, மகளிர்க்குரிய அளவை 10 மில்லிகிராமினின்று 5 ஆகக் குறைக்கும் அறிவுறுத்தல் வந்ததோ 2013இல். இருபாலார் முடிவுகளையும் பிரித்துக் காணாவிடின் இத்தகைய தீங்கு சராசரிக்குள் மறையும். பாலை மட்டும் பதிந்தாலும் போதாது. குருதிச்சோகைக்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லை ஆடவர்க்கு டெசிலிட்டருக்கு 13 கிராம். கருவுறாப் பெண்டிர்க்கு 12. டெசுட்டோசுடெரோன் எடுக்கும் திருநம்பிக்கு ஈமோகுளோபின் உயரும். பெண்டிர் எல்லையால் அவரை அளந்தால் சோகை கண்ணுக்குத் தப்பும். பாலினத்தை மட்டும் பதிந்தாலோ, அவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை தேவைப்படலாம் என்பதே மறக்கப்படும்.

நம் நாட்டின் 2011 கணக்கெடுப்பில் ஆண், பெண், மற்றவர் ஆகிய மூன்றும் ஒரே கட்டத்துள் நின்றன. ‘மற்றவர்’ எனப் பதிவானோர் 4,87,803. தம்மைப் பெண் என்றே குறித்த திருநங்கையர் எத்துணையர் என அக்கட்டம் சொல்லாது. தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் நிலைநாட்டியது. அதனைப் பறித்து மருத்துவம் வளர வேண்டியதில்லை. பிறப்புப் பாலை அண்டை வீட்டார் செவிபடக் கேட்பது கொடுமை. ஆய்வுக்குத் தேவையில்லையேல் கேளாதிருப்பதே நன்று.

வினாவினும் பெருங்கேடு தொகுப்பறையில் நேர்கிறது. ஒன்றைக்கொண்டு மற்றதை ஊகித்து நிரப்புகின்றனர்; விடை மறுத்தவரையும் வினவப்படாதவரையும் ஒருங்கே ‘வெற்று’ என்கின்றனர்; எண்ணிக்கை சிறிதெனச் சிலரை நீக்கி, நீக்கியதையும் சொல்லாது விடுகின்றனர். மூல விடையை அழிக்காது வைத்தலும், மாற்றிய ஒவ்வொன்றையும் குறித்தலும், ஆளை அடையாளம் காட்டும் சிற்றெண்களை வெளியீட்டில் மறைத்தலும் கட்டாயமாதல் வேண்டும். ஆய்வுகளுக்கு இசைவளிக்கும் நெறிக்குழுக்கள் வினாத்தாளோடு அமையாது, இத்தொகுப்பு விதிகளையும் எழுத்தில் பெற்ற பின்னரே ஒப்புதல் தருக.