பிரிண்டிங் அடிக்கத்தான் லாயக்கா?



நம் திருப்பூரில் மார்க் குறைந்தவர்களுக்கென்றே ஒரு வசனம் இருக்கிறது. "இப்படியே படிச்சீன்னா பனியன் கம்பெனியில பிரிண்டிங் அடிக்கத்தான் லாயக்கு." வீட்டிலும் சொல்வார்கள், டியூஷனிலும் சொல்வார்கள். நாமே ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணவும் சொல்வோம். நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் வகுப்பில் யாரோ இதைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தாய்மாமா பிரிண்டிங் பட்டறையில்தான் வேலை செய்கிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்குக்கூடத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அந்த வசனம் தப்பு என்பது என் கருத்து. எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். இந்தக் காலாண்டு விடுமுறையில் வீட்டில் நானே பிரிண்டிங் அடித்துப் பார்த்தேன். அடித்தேன் என்பதைவிட அடி வாங்கினேன் என்பதுதான் பொருத்தம்!

அம்மா காடாத் துணியில் 10 பைகள் தைத்துக் கொடுத்தார். அதில் "பை எடுத்தாச்சா?" என்று அச்சடிக்க வேண்டும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் வந்தது. எங்கள் அப்பா மட்டும் இன்னும் கடைக்கு வெறும் கையோடுதான் போகிறார். அவருக்காகத்தான் இந்த வாசகம்.

வேலை என்னவென்றால், மரச்சட்டத்தில் மெஷ் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, வெளிச்சம் பட்டால் இறுகும் ஒரு பசையைப் பூச வேண்டும். காய்ந்ததும், கறுப்பு மையில் எழுதிய டிரேசிங் பேப்பரை அதன்மேல் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் கெட்டியாகிவிடும். எழுத்து மறைத்த இடம் தண்ணீர் விட்டால் கரைந்துபோகும். அந்த வழியாக இங்க் கீழே இறங்கும். கேட்பதற்கு எவ்வளவு சுலபம்!

முதல் நாள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே பசையைப் பூசிக் காயவைத்தேன். அறை வெளிச்சத்திலேயே எல்லாம் இறுகிப் போச்சு. அரை மணி நேரம் கழுவியும் ஓர் எழுத்துகூடத் திறக்கவில்லை. அடுத்த நாள் இருட்டறையில் பூசினேன். ஆனால் காலை 7 மணி இளவெயிலில் காட்டியதால், தண்ணீர் பட்டதும் மொத்தப் பூச்சும் வழிந்து ஓடிவிட்டது. மூன்றாம் நாள் பேப்பர் காற்றில் நகர்ந்து எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மேலே கண்ணாடி வைக்க வேண்டுமாம்!

நான்காம் நாள் உச்சி வெயிலில் 3 நிமிடம். எழுத்து அழகாகத் திறந்தது! நோட்டில் "3 நிமிடம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆனால் பையில் அடித்துவிட்டு நான் ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மெஷ்ஷிலேயே இங்க் காய்ந்து, சின்ன ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. அடுத்த பையில் புள்ளிகள் இரண்டும் விழவில்லை. "பை எடுததாசசா?" என்று வந்தது. நம் தமிழம்மா பார்த்திருந்தால் நூறு முறை எழுதச் சொல்லியிருப்பார்!

தேய்த்துக் கழுவியதில் அந்தச் சட்டம் வீணானது. ஐந்தாம் நாள் புதிதாகப் பூசி, நோட்டில் இருந்தபடி அதே 3 நிமிடம் காட்டினேன். அன்று வானம் மூட்டமாக இருந்தது. மறுபடியும் எல்லாம் வழிந்து ஓடியது. உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பூச்சின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மணியப் பாக்காத அம்முணி, நெறத்தைப் பாரு. மஞ்ச போயி பழுப்பு ஏறுதில்ல? இப்ப எடு" என்றார். எடுத்துக் கழுவினோம். புள்ளிகூடப் பளிச்சென்று திறந்தது!

பசையில் பைக்ரோமேட் கலந்து கொடுத்ததும் மாமாதான். "இது வெஷம், உறை இல்லாம தொடாத" என்று மிரட்டியே கொடுத்தார். நம் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிற பொட்டாசியம் டைகுரோமேட்டும் இதே வகைதான். வெளிச்சம் பட்டதும் குரோமியம் 6 என்ற நிலையிலிருந்து 3 என்ற நிலைக்கு இறங்கி, பசையின் இழைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. இந்த உப்பு தடவிய காகிதம் வெளிச்சத்தில் மாறுவதை முங்கோ பான்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1839-இல் கண்டுபிடித்தார். மாமாவுக்கு பான்டனையும் தெரியாது, ஆக்சிஜனேற்ற எண்ணும் தெரியாது. ஆனால் அந்த மாற்றம் எந்த நொடியில் முடிகிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குச் சமன்பாடு தெரியும், அந்த நொடி தெரியவில்லை. இரண்டும் அறிவுதானே?

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாமாவே என்னைப் படிக்கத்தான் சொல்கிறார். அவர் எட்டாவதோடு நின்றது படிப்பு ஏறாததால் இல்லை. தாத்தா இறந்துபோன வருடம் அது. பட்டறை வேலை சொகுசு என்றும் சொல்லவில்லை. இங்க் நெடி, நாள் முழுக்க நின்று நின்று கால்வலி, ஆர்டர் இல்லாத வாரம் கூலியும் இல்லை. அதனால் "கஷ்டமான வேலை, நீ படிச்சு மேல போ" என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். "லாயக்கில்லாதவன் செய்ற வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் பள்ளியில் எத்தனை பேர் வீட்டுச் சோறு அந்தப் பட்டறைகளிலிருந்து வருகிறது! அந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருத்தர் தலையைக் குனிந்துகொள்வார். இல்லையென்றால் என்னைப் போலப் பொய்யாகச் சிரிப்பார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு நம் அறிவியல் கண்காட்சியில் ஒரு மேசையை என் மாமாவுக்கு ஒதுக்கித் தாருங்கள். சமன்பாட்டை நான் விளக்குகிறேன், அச்சை அவர் அடித்துக் காட்டட்டும். அவரிடம் கேட்டுவிட்டேன். "பள்ளிக்கூடத்துக்கா? நானெல்லாம் எதுக்கு அம்முணி?" என்று கூச்சப்பட்டார். அப்புறம் மெதுவாக, "எந்தத் தேதின்னு முன்னாடியே சொல்லு, லீவு போடணும்" என்றார்.

தேதி சொல்வீர்களா?



இப்படிக்கு,
11ஆம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவி

(பின்குறிப்பு: 10 பைகளில் 4 தேறின. அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்!)