நூற்றுக்கு ஏழா, சொல்லின் விலை?

ஒரு கூற்றோடு எண்ணொன்றையும் சேர்த்து உரைத்துவிட்டால், கேட்போர் அதை ஆராயாமல் ஏற்றுக்கொள்வது நம் காலத்து வழக்கமாகிவிட்டது. அவ்வெண் எங்கே பிறந்தது, எதை அளந்தது என்று வினவும் கடமை மேடையில் பேசுவோர்க்கும் உண்டு, அச்சிடுவோர்க்கும் உண்டு. இவ்விதழும் அதற்கு விலக்கன்று.

அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் கணக்கொன்றை எண்ணியே இதை எழுதுகிறோம். மனிதர் தம் கருத்தை உணர்த்துவதில் சொல்லின் பங்கு நூற்றுக்கு 7, குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்பது அக்கணக்கு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஆல்பர்ட் மெகராபியன், உடன் ஆய்ந்தோரோடு 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை இணைத்துப் பெறப்பட்டது இது. ஒன்றில், ‘நன்றி’, ‘கொடூரம்’ போன்ற தனிச்சொற்கள் வெவ்வேறு குரலில் ஒலிக்கப்பட்டன. மற்றொன்றில், ‘ஒருவேளை’ என்னும் ஒரே சொல் முகப் படங்களோடு சேர்த்து அளிக்கப்பட்டது. பேசுபவரின் விருப்பு வெறுப்பை ஊகிப்பதே கேட்டவர் பணி. உணர்வுகளையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கன்றிப் பிறவற்றுக்கு இக்கணக்கு பொருந்தாது என்று மெகராபியனே எழுதியிருக்கிறார். எடுத்துக்காட்டுவோர் கண்ணில் அந்த வரி மட்டும் படுவதில்லை.

கணக்கு மெய்யெனில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் பிறமொழி கற்க வேண்டிய தேவையே இராது. தமிழும் மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் ஒரே கல்லாவின் முன் கலக்கும் அவ்வட்டாரத்தில், நகைக்கடைக்காரர் சங்கிலியைத் தராசிலிட்டு, “916 தங்கம், ஒரு பவுன், கூலி தனி” என்கிறார். அவர் புன்னகை வந்தவரை அமரச் செய்யும். கூலி தனி என்பதை எந்தப் புன்னகையும் சொல்லாது. அவ்வட்டாரம் அமைந்த ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய 2008ஆம் ஆண்டிலேயே, மரபு வட்டாரத்தில் தமிழிலும் சீனத்திலும் தெருப்பெயர்ப் பலகைகள் வைக்கப்பட்டன. பலகைக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை.

குறிப்பின் ஆற்றலை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். அரசவைக்கு ஒன்றும் காதலுக்கு ஒன்றுமாகக் குறிப்பறிதலுக்கு ஈரதிகாரம் வகுத்த வள்ளுவர், சொல்வன்மையை அமைச்சு அதிகாரத்துக்கு அடுத்தே வைத்தார். ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்தவில்லை.

சொல்லுக்கு ஏழே பங்கு என்று நம்பும் மேலாளர், எந்திரத்தின் மேல் ஒட்டும் எச்சரிக்கையைத் தொழிலாளியின் மொழியில் எழுதப் பொருள் செலவிடுவாரா? முகத்தைத் தவறாகப் படித்தவர் சற்று நாணிப்போவார்; எச்சரிக்கையைத் தவறாகப் படித்தவர் விரலை இழப்பார்.

இனி இவ்வெண்ணை மேடையேற்றுவோர், அது ‘ஒருவேளை’ போன்ற தனிச்சொற்களைக் கொண்டு அளக்கப்பட்டது என்பதையும் அதே மேடையில் கூற வேண்டுகிறோம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நேபாளியும் வங்காளமும் பேசுவோரை வேலைக்கு வைத்திருப்போர், அபாய அறிவிப்பை அவர்கள் படிக்கும் எழுத்தில் எழுதி மாட்டட்டும்.