ஓசி எந்தச் சாதி?

பத்திரிகைகளில் வருசா வருசம் ஒரு அட்டவணை போடுகிறார்கள். போன வருசம் எந்தப் பொறியியல் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்கிற அட்டவணை. கல்லூரியின் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி. அந்தத் தாளை நம் தெருவில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். விரல் நேராக எஸ்சி கட்டத்துக்குப் போகும். அங்கே உள்ள எண்ணைப் படிக்கும், தன் அரையாண்டு மார்க்கைக் கூட்டும், 'கெடைக்கும்' அல்லது 'கெடைக்காது' என்று சொல்லும். முதல் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தக் கண் பார்ப்பதேயில்லை. அது வேற ஆளுங்களோடது.

அந்த விரலை அங்கே நகர்த்தியது யார் என்பதுதான் என் கேள்வி.

சட்டப்படி விசயம் ரொம்ப எளிது. தமிழ்நாட்டில் நூறு இடம் இருந்தால் பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, நமக்கு 18, பழங்குடி மக்களுக்கு 1. ஆக 69. மீதி 31 இடம் யார் பேரிலும் பட்டா இல்லை. ஓசி என்றால் ஓப்பன் காம்படிசன். பொதுப்போட்டி. அதில் அய்யரும் வரலாம், முதலியாரும் வரலாம், பறையரும் வரலாம், அருந்ததியரும் வரலாம், இருளரும் வரலாம். பொதுப்போட்டியில் தன் மதிப்பெண்ணால் இடம் பிடிக்கிற தாழ்த்தப்பட்ட பிள்ளையை இடஒதுக்கீட்டுக் கணக்கில் எழுதக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1992லேயே மண்டல் வழக்கில் சொல்லிவிட்டது. அதாவது நம் பிள்ளை ஒன்று அந்த 31க்குள் போனால், 18 அப்படியே 18ஆக நிற்கும். இன்னொரு பிள்ளைக்கு இடம் மிச்சம்.

ஆனால் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'வகுப்பு' என்று கேட்டுவிட்டு ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்று ஒரே வரிசையில் கட்டம் போட்டிருப்பான். அந்த ஒரு கட்டத்தில் போட்டியின் பெயர் சாதியின் பெயராகிப் போகிறது. 'நாங்க ஓசி' என்று சொல்லிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. எவனுக்கும் சிரிப்பு வருவதில்லை. ஓசியில் படிக்கிறவன், ஓசியில் சாப்பிடுகிறவன் என்று காலகாலமாக நம்மைச் சொன்னவர்கள், ஊருக்கெல்லாம் பொதுவான பட்டியலை ஓசியிலேயே தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள்.

2019இல் பத்து சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தபோது செய்தியில் எப்படிச் சொன்னார்கள்? 'பொதுப்பிரிவு ஏழைகளுக்கு' என்றார்கள். நம் ஏழை அதில் வரமுடியாது, பிற்படுத்தப்பட்ட ஏழையும் வரமுடியாது, ஆனாலும் அதற்குப் பெயர் பொது.

நமக்கு இந்தப் 'பொது' புதுசு இல்லை. ஊர்ப் பொதுக்கிணறு என்பார்கள், நாம் இறங்கமுடியாது. பொதுக்கோயில் என்பார்கள், நாம் வெளியே நிற்போம். ஏரி பொது, அதில் மீன் ஏலம் விடும்போது பணம் ஊர்ப் பொதுவுக்குப் போகும், சேரிக்கு வராது. நாம் இல்லாத இடத்துக்குத்தான் இந்த நாட்டில் பொது என்று பேர் வைத்திருக்கிறார்கள். மகத் என்ற ஊரில் என்ன நடந்தது? 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. மறுவருசம் மகத் நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று எழுதி வைத்தது. எழுதி வைத்ததோடு சரி. 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் கூட்டத்தோடு போய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்கிறவரை நம்மாள் ஒருத்தரும் அதில் கைவைக்க முடியவில்லை. குடித்ததற்கு அடியும் விழுந்தது. தாளில் திறந்த குளம் வேறு, தண்ணீர் குடித்த குளம் வேறு. இந்த 31 இடமும் நமக்குத் தாளில் திறந்த குளமாகவே கிடக்கிறது.

என் அக்கா மகள் அரசுப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படிக்கிறாள். அக்கா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். பள்ளியின் பெயரும் வாத்தியாரின் பெயரும் இங்கே வேண்டாம், ஏனென்றால் அது ஒரு பள்ளியின் கதை இல்லை. அரையாண்டு முடிந்ததும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். சாயந்திரம் ஆறரை வரை நிறுத்திவைத்துப் பழைய கேள்வித்தாள் போட்டுத் தேய்க்கிற ஸ்பெஷல் கிளாஸ் ஒரு பக்கம். பாஸ் பண்ணினால் போதும் என்கிற கூட்டம் இன்னொரு பக்கம். இவள் கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. ஸ்பெஷல் கிளாஸில் பெயர் இல்லை. போய்க் கேட்டிருக்கிறாள். வாத்தியார் நல்லவர்தான், அடிக்கிறவர் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறார்:

"உனக்கு எதுக்கும்மா இவ்ளோ கஷ்டம்? அவங்களுக்குத்தான் நூத்தித் தொண்ணூத்தஞ்சு வேணும். உங்காளுங்களுக்கு நூத்தி எழுபது வந்தாலே சீட்டு. பஸ்ஸ வுட்டுடாம சீக்கிரம் வூட்டுக்குப் போ."

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது என்னிடம் கேட்டாள்: "மாமா, ஓசின்னா எந்தச் சாதி?"

அந்த வாத்தியார் பொய் சொல்லவில்லை. போன வருச அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். எனக்கு ஆத்திரம் அந்தக் கரிசனத்தின் மேல்தான். 200க்கு 195 எடுக்கக்கூடிய பிள்ளையிடம் 170 போதும் என்று சொன்னால் அவள் 170க்குப் படிப்பாள். 170க்குப் படித்தவள் 165 வாங்குவாள். பிறகு அதே வாத்தியார் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, 'கோட்டா இருக்குதுன்னு இதுங்க படிக்கறதே இல்ல சார்' என்று டீ குடிப்பார். குறைவாகப் படிக்கச் சொல்வதும் அவரே, குறைவாக வாங்கினாய் என்பதும் அவரே. இடஒதுக்கீடு என்பது நம் பிள்ளை கால் வைக்கிற தரை. அதைத் தலைக்கு மேலே கூரையாகப் போட்டுத் தட்டி வைத்திருக்கிறார்கள். நிமிர்ந்தால் இடிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் 198 வாங்கிப் பொதுப்போட்டியிலேயே கிண்டிக்குள் போனாலும் அவளைக் 'கோட்டா' என்றுதான் சொல்லப் போகிறார்கள். எந்தக் கட்டத்தில் இடம் வாங்கினாள் என்று எவனும் கேட்கப் போவதில்லை. ஊர்ப் பேரைக் கேட்பான், அப்பன் தொழிலைக் கேட்பான், முடிவு பண்ணிக்கொள்வான்.

கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போட்டவர்களில் இந்நாட்டுச் சட்டத்தையே மாற்ற வைத்த ஒருவர் உண்டு. சம்பகம் துரைராஜன். சென்னை மாகாணத்தில் அப்போது வகுப்புரிமை ஆணைப்படி பதினாலு பதினாலு இடமாகப் பங்கு பிரித்தார்கள். பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, 'அரிசன'ருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிமுக்கு 1. அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு மனுவே போடவில்லை. விசாரித்துப் பார்த்தேன், பார்ப்பனர் என்பதால் கிடைக்காது என்று தெரிந்தது என்று சொல்லி 1950இல் நேராக உயர் நீதிமன்றம் போனார். மனுப் போடவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. அதனால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. உயர் நீதிமன்றத்திலும் ஜெயித்தார், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் ஜெயித்தார். வகுப்புரிமை ஆணை செத்தது. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் போராடினார், அந்த வருசமே அரசியல் சட்டத்தை முதல் தடவையாகத் திருத்த வேண்டியதாயிற்று.

மனுப் போடாமலேயே 'எனக்கு வரவேண்டியது' என்று கோர்ட்டுக்குப் போகிற தைரியம் அங்கே. சட்டமே திறந்து வைத்திருக்கிற கட்டத்தை ஏறெடுத்துப் பார்க்காத பயம் இங்கே. சாதியின் வேலை இதுதான். இடத்துக்குச் சாதிப் பெயர் போடாதே, எல்லாவற்றையும் பொதுவாக்கு என்று அன்றைக்குக் கேட்டவர்கள்தான், பொது வந்தபின் அதையே தங்கள் சாதிப் பெயராக்கிக் கொண்டார்கள்.

சரி, நம் பிள்ளை அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டால் சும்மா விடுவார்களா? அளக்கிற கோலையே மாற்றுவார்கள். 1984இல் நுழைவுத் தேர்வு என்று ஒன்று வந்தது. பட்டணத்தில் பயிற்சிக்குப் பணம் கட்டினவன் முந்தினான். ரொம்பப் போராடி அதை ஒழித்து, 2007இலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்று ஆக்கினோம். பத்தே வருசம். 2017இல் நீட் உள்ளே வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்குகிறவரின் மகள், அந்த வருசம் 1200க்கு 1176 எடுத்தார். மருத்துவத்துக்கான கட் ஆஃப் 200க்கு 196.75. பொறியியலுக்கு 199.75. கால் மார்க்தான் குறை. இது எந்தக் கட்டத்து மார்க், சொல்லுங்கள். பொதுக்கிணற்றின் படிக்கட்டில் இறங்கித் தண்ணீரில் கைவைத்த மார்க் இது. கைவைத்த வருசமே கிணற்றை மூடிப் பக்கத்தில் வேறு கிணறு வெட்டினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றார் அனிதா. செப்டம்பர் 1ஆம் தேதி அவர் இல்லை. அவருக்குத் தகுதி இல்லை என்று அதற்குப் பிறகும் எழுதினார்கள், பேசினார்கள். அந்த வாய்களுக்குப் பதில் சொல்லி இந்தப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை.

நம்மாள்கள் பக்கமும் சில பேச்சு உண்டு. 'ஓசியில போனா ஸ்காலர்ஷிப் போயிடும்பா' என்று ஒரு பயம் தெருவெல்லாம் சுற்றுகிறது. போகாது. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை, நீ எந்தச் சாதி, உன் வீட்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. எந்தக் கட்டத்தில் இடம் பிடித்தாய் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னும் சிலர், படித்து மேலே வந்தவர்கள், என் பேச்சைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள்: 'ஆமாம், நம் பிள்ளைகள் கோட்டா இல்லாமல் ஜெயித்துக் காட்ட வேண்டும்'. நான் அதைச் சொல்லவில்லை. 18 என்பது பிச்சை இல்லை, அதில் போகிறவள் தலைகுனிய ஒன்றுமில்லை. 18ம் நம்முடையது, 31லும் நாம் உண்டு. இரண்டையும் கேள் என்கிறேன். அந்தப் பதினெட்டுக்குள் அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீதம் கொடுத்தபோது நம்மில் சிலர் முகம் சுளித்தது எனக்கு மறக்கவில்லை. மேல்சாதிக்காரன் நம்மைப் பார்த்துச் சொன்னதை வார்த்தை மாறாமல் அவர்களைப் பார்த்துச் சொன்னோம். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், வேறொரு சமயம்.

மார்க் மட்டுமே கணக்கு இல்லை என்பதும் தெரியும். உத்தரப்பிரதேசத்துத் தினக்கூலி ஒருவரின் மகன், தலித், 2024இல் தன்பாத் அய்.அய்.டி.யில் இடம் வாங்கினான். இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய். ஜூன் 24 மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும். ஊரெல்லாம் திரட்டிப் பணம் சேர்வதற்குள் நேரம் முடிந்தது. இடம் போயிற்று. அந்த வருசத் தேர்வை நடத்தியது சென்னை அய்.அய்.டி. என்பதால் நம் உயர் நீதிமன்றம் வரை வந்து அலைந்து, கடைசியில் செப்டம்பர் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இத்தனைக்கும் அவன் ஜெயித்து முடித்தவன். நம் பிள்ளை 'கிடைக்குமா' என்று கேட்கும்போது அந்தக் கேள்விக்குள் விடுதி இருக்கிறது, பஸ் காசு இருக்கிறது, அம்மாவின் அட்வான்ஸ் கூலி இருக்கிறது. அட்டவணையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

அதனாலேயே நம் பிள்ளைகள் பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் எழுதுகிறார்கள். கலந்தாய்வு இப்போது கணினியில். விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். கணினி உன் தரவரிசையை எடுத்து, நீ எழுதின வரிசைப்படியே முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வரும். எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் எழுதினவளுக்குக் கிண்டியில் இடம் இருந்ததா என்று அது பார்க்கவே பார்க்காது. கிண்டியை முதலில் எழுதி, அது கிடைக்காமல் போனால் கீழே இருப்பது கைவிட்டுப் போய்விடாது, அடுத்ததைப் பார்க்கும், அவ்வளவுதான். மேலே எழுதுவதால் ஒரு நட்டமும் இல்லை. இதைச் சொல்ல ஆள் இல்லாமல் நெட் சென்டர்காரன் தனக்குத் தெரிந்த கல்லூரிகளை வரிசையாகத் தட்டிவிட்டு, தாளைக் கையில் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறான். நான்கு வருசம் அங்கே முடிந்துபோகிறது.

ஆதிதிராவிடர் நல விடுதிகளின் பெயரை 2025இல் சமூகநீதி விடுதி என்று மாற்றினார்கள். நல்லது. போர்டு எழுதினவர்கள் உள்ளேயும் கொஞ்சம் வரட்டும். படிவத்தில் 'ஓசி' என்கிற கட்டத்தை எடுத்துவிட்டு, இடஒதுக்கீட்டுப் பட்டியலில் வராத சாதிகளை அப்படியே எழுதட்டும். கல்லூரி அட்டவணையில் முதல் கட்டத்துக்கு மேலே 'எல்லோருக்கும்' என்று தமிழில் போடட்டும். ஸ்பெஷல் கிளாஸ் பட்டியலை எந்த வாத்தியார் எப்படிப் பிரிக்கிறார் என்று கல்வி அதிகாரி ஒரு சாயந்திரம் போய்ப் பார்க்கட்டும்.

அவர்கள் செய்வதற்குள் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அம்பேத்கர் மன்றம் வைத்திருக்கிற தெருக்களில் பொறியியல் முடித்த நம் பிள்ளைகள் இரண்டு பேராவது இருக்கிறார்கள். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து விருப்பப் பட்டியல் பதிவு முடிகிறவரை, சாயந்திரம் ஆறு மணிக்கு மன்றத்தில் ஒரு கணினியோடு உட்கார்ந்தால் போதும். பிள்ளை முதல் கல்லூரியின் பெயரைச் சொல்லும்போது, அதற்கு மேலே ஏன் இன்னொன்றை எழுதவில்லை என்று கேட்க வேண்டும். காசு வாங்கக்கூடாது.