மோட்டார்மேல் பழி போடாதீர்!



சம்பள நாளன்று பட்டணத்துக்குப் போய், பத்து நாளுக்கு வேண்டிய கோழியும் மீனும் வாங்கி வந்து ஐஸ் பெட்டியில் அடுக்கி வைப்பது தோட்டத்துக் குடும்பங்களின் வழக்கம். கடை தூரம், போய்வரும் செலவு வேறு. அப்படிப்பட்ட வீட்டில் பெட்டி திடீரெனச் சண்டித்தனம் செய்தால் இல்லத்தரசி கலங்காமல் என்ன செய்வாள்? பழுது பார்க்க வருபவரும் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டார் போய்விட்டது" என்றோ, "கேஸ் இறங்கிவிட்டது" என்றோ சொல்லிவிடுகிறார். இரண்டும் பெருஞ்செலவு. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், குற்றவாளி விரல்நுனி அளவேயான ஒரு சிறு பொருளாக இருப்பதும் உண்டு. அதுதான் வெப்பத்தை அறியும் உணரி. கடைக்காரர்கள் 'சென்சார்' என்பார்கள்.

அது செய்யும் வேலை என்ன? அந்நாளைய ரப்பர்த் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டில் நடப்பதைக் கங்காணி வந்து சொன்னால்தான் அலுவலகத்தில் இருக்கும் துரைக்குத் தெரியும். துரை கட்டளை இடுவார். தொழிலாளி வேலை செய்வார். ஐஸ் பெட்டியிலும் அதே கதைதான். உள்ளே எவ்வளவு குளிர் இருக்கிறது என்று சென்சார் சொல்கிறது. மின்பலகை அதைக் கேட்டு, மோட்டாரை ஓடச் சொல்கிறது அல்லது நிறுத்துகிறது. கங்காணி பொய்க்கணக்குச் சொன்னால், பாவம், தொழிலாளி என்ன செய்வார்? ஓயாமல் உழைப்பார், அல்லது சும்மா நிற்பார். கடைசியில் வேலை போவதும் அவருக்குத்தான்!

இனிச் சோதனைக்கு வருவோம். முதற் சோதனைக்கு யாரையும் அழைக்க வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, அதில் குளிர்ப்பெட்டிக்கென விற்கும் வெப்பமானியை இட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் பெட்டி நலமாக இருக்கிறது. உறைபகுதியில் இரண்டு இறைச்சிப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் கழித்தல் 18 டிகிரி இருக்க வேண்டும்.

கணக்குச் சரியில்லையா? உடனே சென்சாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். ஒரு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் சற்று நகர்த்துங்கள். பின்புறம் கம்பிச்சுருள் தெரியும் வகையானால் தூசியைத் துடையுங்கள். தகரக் கூரையின் கீழ் உள்ள அடுப்படி மதிய வேளையில் அனலாய்க் கொதிக்கும். பெட்டியின் சீட்டில் 'டி' என்ற எழுத்து இருந்தால், சுற்றிலும் 43 டிகிரி வெப்பம்வரை தாங்க அது செய்யப்பட்டது என்று பொருள். 'என்' மட்டும் இருந்தால் 32 டிகிரிதான் அதன் எல்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லையென்றால், அறிகுறிகளைக் கவனியுங்கள்.

ஒன்று: மோட்டார் ஓய்வின்றி ஓடுகிறது, கீழ்த்தட்டுக் கீரையும் உறைந்துபோகிறது. கேஸ் இறங்கிய பெட்டி கீரையை உறையவைக்காது. எவ்வளவு குளிர்ந்தாலும் சென்சார் 'இன்னும் சூடு, இன்னும் சூடு' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். சென்சாருக்குள் ஈரம் இறங்கினால் பெரும்பாலும் இப்படி ஆகும்.

இரண்டு: உள்விளக்கு எரிகிறது; மோட்டார் மட்டும் தொடங்குவதில்லை. சென்சாரின் கம்பி அறுந்தால் மின்பலகை 'உள்ளே கடுங்குளிர்' என்று எண்ணி மோட்டாரை ஓடவிடாமல் வைக்கலாம். எலி கம்பியைக் கடிப்பதும், பல்லி மின்பலகையில் புகுந்து கருகுவதும் நம் பக்கத்து வீடுகளில் நடப்பவைதாமே! குமிழைத் திருகும் பழைய வகையில் சென்சாருக்குப் பதிலாக வாயு அடைத்த மெல்லிய குழாய் இருக்கும். அந்த வாயு கசிந்தாலும் மோட்டார் தொடங்காது.

மூன்று: உறைபகுதி குளிர்கிறது, கீழே பால் திரிகிறது. உள்தகட்டில் பனி மூடி, காற்று கீழே இறங்கும் வழி அடைபட்டிருக்கலாம். இதை அறிய எளிய வழி உண்டு. உணவை அண்டை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்க, அதாவது 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மறுபடி போட்டதும் பெட்டி சில நாள் நன்றாக ஓடி, பிறகு பழைய கதைக்கே திரும்பினால், மோட்டாரும் கேஸும் நலமே. பனியை உருக்கும் சூடேற்றியோ, அதன் சென்சாரோ, உருகியோ கெட்டிருக்கலாம்.

பனி சீக்கிரம் உருகட்டும் என்று கத்தியால் குத்தாதீர்கள். குழாய் துளைபட்டால் கேஸ் வெளியேறும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது 'ஆர் 600 ஏ' என்னும் தீப்பற்றும் வாயு.

பழுது பார்ப்பவர் வரும்போது சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஈரக் கையோடும், ஈரத்தரையில் வெறுங்காலோடும் யாரும் அருகே போகக் கூடாது. சென்சாரின் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரை 200 கிலோ ஓம் நிலையில் வைத்து அளக்கட்டும். பிறகு சென்சாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் இட்டு, நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் நிறைந்த குவளையில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைக்கட்டும். அந்தத் தண்ணீர் 0 டிகிரியில் இருக்கும். நல்ல சென்சாரானால் குளிரக் குளிர எண் ஏற வேண்டும். அறையில் காட்டியதைப்போல் ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு வர வேண்டும். எண் அசையவே இல்லை, தாறுமாறாகக் குதிக்கிறது, அல்லது எதுவும் காட்டவில்லை என்றால் சென்சார் போய்விட்டது. அதே அளவுள்ளதைத்தான் மாற்ற வேண்டும். கைக்குக் கிடைத்ததை மாட்டினால் பொய்க்கணக்கு தொடரும்.

கேஸ் இறங்கிவிட்டது என்று சொன்னால், "உள்தகட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேஸ் குறைந்த பெட்டியில் பனி தகடு முழுவதும் பரவாமல் ஒரு மூலையில் மட்டும் படியும். மோட்டார் போய்விட்டது என்றால், அதைத் தொடக்கி வைக்கும் ரிலேயைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பணம் உங்கள் வியர்வை.

இதில் பணத்தைவிடப் பெரிய காரியமும் ஒன்று இருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் பெரியவர்களுக்கு இனிப்புநீர் உண்டு. இன்சுலின் மருந்து ஐஸ் பெட்டியில்தான் இருக்கும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சென்சார் கெட்டு ஒருமுறை உறைந்துபோனால், பிறகு உருகி முன்போலவே தோன்றினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. மருந்தகத்தில் சொல்லிப் புதியது வாங்குங்கள். பாலும் இறைச்சியும் சமைத்த குழம்பும் 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கொட்டிவிடுங்கள். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். கெடுதல் செய்யும் கிருமிக்கு வாடை இருக்க வேண்டும் என்பதில்லை. மின்சாரம் நின்றாலோ பெட்டி நின்றாலோ கதவைத் திறக்காதிருங்கள். கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த உறைபகுதி இரண்டு நாள் தாங்கும்.

ஆகவே தாய்மார்களே, வெப்பமானி ஒன்றை இன்றே வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறை கணக்குப் பாருங்கள். கங்காணி சொன்ன பொய்க்குத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பும் அநியாயத்தை நம் அடுப்படியிலாவது நடக்கவிடாதிருப்போம்.