துலாக்கோலும் கடையும் ஒருவன் கையிலா?

துலாக்கோல் ஏந்துவோன், கடை விரிப்போன், வழக்குத் தீர்ப்போன் ஆகிய மூவரும் வேறு வேறாக இருக்கும் வரைதான் சந்தையில் முறை நிற்கும். மூவரும் ஒருவனே ஆகிவிட்டால் அங்கு நிகழ்வது வணிகமன்று, ஆட்சி! இன்று உலகை வளைத்துக் கொண்டுள்ள இணையச் சந்தைகளில் நிகழ்வது இதுவே.

வாங்குவோரும் விற்போரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இடத்தில், நம்பிக்கைக்கு ஓர் அளவு வேண்டும் என்பதை எவரும் மறுத்தற்கில்லை. அமெரிக்காவில் 1995-இல் தோன்றிய ஈபே, மறு ஆண்டே அதற்கு வழி வகுத்தது. வாங்கினவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கினவரைப் பற்றியும் நல்லதோ கெட்டதோ எழுதி வைக்கலாம். குறையுடையதே எனினும் இருபுறமும் ஒக்க நின்ற கோல் அது. விற்போர் பழிக்குப் பழி எழுதுகின்றனர் என்று கூறி, 2008-இல் அந்நிறுவனம் அவர்தம் கையைக் கட்டியது. அதன்பின் வாங்கினவரைப் பற்றி விற்றவர் நல்லது மட்டுமே எழுதலாம். கோலின் ஒரு தட்டு அன்றே சாய்ந்தது.

அமேசானோ கோலையே சாட்டையாக்கியது. அறுபது நாள் விற்பனையில் குறையுடையவை நூற்றுக்கு ஒன்றை எட்டலாகாது. ஒன்றிரண்டு விண்மீன்களே பெற்ற விற்பனையும், வாங்கினவர் அமேசானிடமோ அட்டை வங்கியிடமோ முறையிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்ட விற்பனையும் குறையுடையவை என்று எண்ணப்படும். விற்பவரே அனுப்பும் பொருள்களுள், குறித்த நாளுக்குப் பிந்தி அனுப்பியவை நூற்றுக்கு நான்கிற்குள்ளும், அனுப்புமுன் அவரே நீக்கியவை இரண்டரைக்குள்ளும் அடங்க வேண்டும். அடங்கினால் பரிசுண்டு: ஒரே பொருளைப் பலர் விற்கும்போது, வாங்குவோர் கண்ணில் முதலில் படும் இடத்திற்கு அவர் தகுதி பெறுவார். மீறினால் கடையே மூடப்படலாம்.

இவ்வளவு எல்லார்க்கும் ஒன்றுதானே என்பர். ஒன்றாயிருப்பதால் ஒப்பாகிவிடுமோ? அறுபது நாளில் ஐம்பது பொருள் விற்கும் எளிய வணிகர்க்கு ஒரே ஒரு குறை வந்தால், அது நூற்றுக்கு இரண்டு, எல்லை கடந்தது! ஐயாயிரம் பொருள் விற்கும் பெருவணிகர்க்கோ 49 குறைகள் வரினும் கேடில்லை. எண் நடுநிலை உடையது போல் தோன்றும். எளியவன் கழுத்தில் மட்டும் அது சுருக்காய் இறுகும்.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. அச்சந்தையின் உரிமையாளனே அங்கு விற்பவனாகவும், கிடங்கு நடத்துபவனாகவும், பொருளைக் கொண்டு சேர்ப்பவனாகவும் இருக்கின்றான். இத்தாலி நாட்டுப் போட்டிக் காப்பு ஆணையம் 2021 திசம்பரில் இதனை வெளிச்சமிட்டது. அமேசானின் கிடங்கிற்குப் பொருளை ஒப்படைத்தவர்க்குப் பிரைம் முத்திரை; கண்ணுக்கு முன்னிடம்; கடுமையான அளவுகளினின்றும் விலக்கு! தாமே அனுப்புவோர்க்கு மட்டும் அவ்வளவுகளும் கடையடைப்பு அச்சமும்! இதற்காக அவ்வாணையம் 112 கோடி யூரோவிற்கு மேல் தண்டம் விதித்தது. வழக்குமன்றத் தீர்ப்பால் பின்னர் அத்தொகை குறைந்தது. தொகை குறைந்ததால் செய்தியின் பொருள் குறையவில்லை. தன் கிடங்கிற்குக் கட்டணம் செலுத்துவோர்க்குத் தளர்த்தியும், செலுத்தாதார்க்கு இறுக்கியும் பிடிக்கப்படுவது அளவுகோலாமோ? அது தண்டற்காரன் கைத்தடி!

எல்லாம் நுகர்வோர் நலனுக்கே என்று விடை வரும். நுகர்வோர் நலன் வேண்டுவது பொருள் நலமாய், நாளில் வந்து சேர்தல். அஃது எவர் கிடங்கினின்று வந்தால் என்ன?

அரசு முனைந்தால் கோலை நிமிர்த்தலாம் என்பதற்குச் சான்றுண்டு. கரணியம் கூறாமல் நொடியில் கணக்கை மூடும் உரிமையை அமேசான் தன் கையில் வைத்திருந்தது. செருமானியப் போட்டி ஆணையம் 2018-இல் உசாவல் தொடங்கியது; 2019-இல் அமேசான் பணிந்தது. வழக்கமான நீக்கத்திற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வந்தது. உடனடி நீக்கத்திற்குக் கரணியம் கூறும் கடமையும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2020 சூலை முதல் இதனைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது.

இந்தியாவில் 2019 பிப்பிரவரி முதல், அயல்முதல் கொண்ட இணையச் சந்தை தான் பங்கு வைத்துள்ள நிறுவனத்தின் பொருளைத் தன் தளத்தில் விற்கத் தடையுண்டு. அமேசானும் பிளிப்கார்ட்டும் வேண்டிய சிலர்க்கே முன்னிடம் தருகின்றன என்ற முறையீட்டின் மேல், 2020 சனவரியில் போட்டி ஆணையம் உசாவலுக்கு ஆணையிட்டது. எவர் விற்பது என்று பார்த்தால் மட்டும் போதுமா? எவர் அளப்பது என்றும் பார்க்க வேண்டாவோ? கரூர்ப் போர்வையும் திருப்பூர்ப் பின்னலாடையும் இத்தளங்களில் விலையாகும் இந்நாளில், அவ்வினா தமிழ் வணிகரின் அடுப்பங்கரையைத் தொடும் வினாவாகும்.

வேண்டுவன மூன்று. சந்தையின் சொந்தப் பொருளுக்கும் பிறர் பொருளுக்கும் ஒரே அளவு வேண்டும். கடையை மூடுமுன் கரணியத்தை வணிகரின் தாய்மொழியில் எழுதித் தரல் வேண்டும். மூடியவனிடமே முறையிடும் இழிநிலை ஒழிந்து, வெளியார் ஒருவர் வழக்கைத் தீர்த்தல் வேண்டும்.

வாணிகர்க்கெனத் தனிக் குறளொன்றை நடுவுநிலைமை அதிகாரத்துள் வைத்தவர் வள்ளுவர். அவர் வழியினர் அளவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அளப்பவனையும் அளக்கும் கோல் எங்கே என்று கேட்டல் வேண்டும். கேளாதார்க்குக் கோல் நிமிராது!