சத்து மருந்துக்கும் கணக்கு உண்டு

அமுக்கரா சூரணத்தின் செய்முறையைப் பாருங்கள். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. எதோடு எதை, எவ்வளவு சேர்ப்பது என்பதில் சித்த மருத்துவம் அத்தனை கறார். சாப்பிடும் நமக்குத்தான் கணக்கே கிடையாது.

நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன். கோட்டூர்புரம் மரப் பூங்காவில் நடக்கப் போனால் யாராவது சந்தேகம் கேட்பார்கள். தைராய்டுக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மா, மற்றதையும் சொன்னார். மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அமுக்கராப் பொடி, ஆன்லைனில் வாங்கிய அஸ்வகந்தா கேப்சூல், தொண்டைக்குத் தினமும் அதிமதுரக் கஷாயம், சிங்கப்பூரிலிருந்து மகள் அனுப்பிய ஜின்செங். "எல்லாம் மூலிகைதானே சார், என்ன செஞ்சிடப் போகுது?"

செய்யும். பொடியும் கேப்சூலும் ஒரே செடி. அவர் இரட்டை அளவு சாப்பிடுகிறார். அந்தச் செடி தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. அதிமதுரத்தை நாள்கணக்கில் குடித்தால் உடம்பில் உப்பு தேங்கும், பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். பிறகு டாக்டர் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். கஷாயத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், வேறு மருந்துகள் ரத்தத்தில் கூடுதலாகச் சேரும்படி செய்கிறது. ஜம்முவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தின் உழைப்பில் உருவான ரிசோரின் என்ற காசநோய் மருந்து இதை வைத்துத்தான் வந்தது. 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததால், 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதில் 200 போதும் என்றார்கள். அங்கே அளந்து செய்தார்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர் பைப்பரின் கேப்சூலைத் தானாகச் சேர்த்துக்கொண்டால், அளப்பவர் யார்? ரசத்து மிளகைச் சொல்லவில்லை. சாறெடுத்து அடைத்த கேப்சூலைச் சொல்கிறேன்.

"தாத்தா சாப்பிடலையா?" என்பார்கள். சாப்பிட்டார். வைத்தியர் நாடி பார்த்துக் கொடுத்த ஒரே மருந்தை, ஒரு மண்டலம், பத்தியத்தோடு. கூடவே நான்கு ஆங்கில மாத்திரை அவருக்கு இல்லை. சீன மருத்துவத்திலும் ஒன்றோடொன்று சேரக் கூடாத சரக்குகளுக்கு 'பதினெட்டு' என்றே ஒரு பழைய பட்டியல் உண்டு. ஜின்செங்குக்கும் அதிமதுரத்துக்கும்கூடச் சேராத சரக்குகள் அதில் இருக்கின்றன. சத்து மருந்தை எதோடும் கலக்கலாம் என்று எந்த மரபும் சொல்லவில்லை.

'மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும்' என்ற எச்சரிக்கையை, நச்சுச் சரக்கு சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. சத்து மருந்து டப்பாக்களிலும், எந்தெந்த மாத்திரை சாப்பிடுவோர் கேட்டுவிட்டு வாங்க வேண்டும் என்று தமிழில் அச்சிட வைக்க வேண்டும். ஆங்கில மருத்துவர்கள் "நாட்டு மருந்தா?" என்று முகம் சுளிப்பதை விட வேண்டும், சுளித்தால் நோயாளி மறைப்பார். நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வீட்டில் உள்ள மாத்திரை, பொடி, லேகியம், கஷாயம் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, சித்த வைத்தியரிடமும் ஆங்கில மருத்துவரிடமும் அதே தாளை நீட்டுங்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.